ஆனையிறவு உப்பும் அதன் வழிப்பொருள்களும்: உருகுநிலை, உறைநிலை, கொதிநிலை பற்றிய விளக்கம்

ஒரு பொருளை மற்றொரு பொருளினின்றும் பிரித்தறிதற்கு நிறம், மணம், சுவை என்பன முதற்கண் உதவுவனவாம். ஆயின் இவை ஐயத்திற்கு இடந்தருவன. வெண்ணிறப் பொடிகள் பல உள; நிறமற்ற திரவங்களும் பல உள. சுவைத்துப் பார்த்தலோ உயிருக்கே ஊறு விளைப்பதாகலாம். ஆதலின், அளந்து எண்ணாற் கூறத்தக்க பண்புகளையே அறிவியலார் பெரிதும் நாடுவர். அத்தகைய பண்புகளுள் உருகுநிலை, உறைநிலை, கொதிநிலை என்னும் மூன்றும் தலையாயவை. இவை பௌதிகப் பண்புகள் எனப்படும். ஏனெனின், இவற்றை அளக்கும்போது பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்ளுமேயன்றித் தன் இயல்பை இழப்பதில்லை. உருகிய பனிக்கட்டியும் நீரே. ஆவியாகிய நீரும் நீரே.

பாடநூல்களின் இறுதியில் இவ்வெண்கள் நெடிய அட்டவணையாக அச்சிடப்பட்டிருக்கும். மாணவர் பலர் அவற்றை நெட்டுருச் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவர். எனினும், ஓர் உப்பளத்தின் தொழிலையும், ஒரு தொழிற்சாலையின் அமைப்பையும், ஒரு நாட்டுக் குடிநீரின் தூய்மையையும் நிருணயிப்பன அவ்வெண்களே என்பதற்கு வன்னி நிலத்திலேயே தக்க சான்று உண்டு. ஆனையிறவில் விளைந்த உப்பும், அவ்வுப்பைக் கொண்டு பரந்தனில் ஆக்கப்பட்ட பொருள்களுமே அச்சான்றாம்.

நிலைமாற்றமும் நிலையான பாகையும்

திண்மப் பொருளொன்றைச் சூடாக்கினால் அதன் வெப்பநிலை படிப்படியாக உயரும். குறித்த ஒரு பாகையை அடைந்ததும் அது உருகத் தொடங்கும். அப்பொழுது அடுப்புத் தொடர்ந்து எரியினும் வெப்பமானியின் இரசம் ஏறாது நிற்கும். பொருள் முழுவதும் உருகித் தீர்ந்த பின்னரே மீண்டும் ஏறும். இரசம் அசையாது நின்ற அப்பாகையே உருகுநிலை. அத்திரவத்தைக் குளிர்வித்தால் அதே பாகையில் அது உறையத் தொடங்கும். ஆகவே, தூய பொருளொன்றுக்கு உருகுநிலையும் உறைநிலையும் ஒன்றே. ஏறும் வழியில் ஒரு பெயரும் இறங்கும் வழியில் மறுபெயருமாக ஒரே பாகை இரு பெயர் பெறுகின்றது.

இரசம் அசையாது நின்ற காலத்தில் ஊட்டப்பட்ட வெப்பம் எங்கே சென்றது? பொருளின் துணிக்கைகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் கவர்ச்சியைத் தளர்த்துவதில் அது செலவாயிற்று. வெப்பமானியிற் புலப்படாமையால் அதனை மறைவெப்பம் என்பர். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி 0 பாகை செல்சியசில் உருகுவதற்கு ஏறத்தாழ 334 கிலோயூல் வேண்டும். அதே அளவு நீர் 100 பாகையில் ஆவியாவதற்கோ ஏறத்தாழ 2,260 கிலோயூல் வேண்டும். உருகும்போது துணிக்கைகள் தத்தம் இடத்தை விட்டுப் பெயரும் உரிமையை மட்டுமே பெறுகின்றன. ஆவியாகும்போதோ ஒன்றையொன்று முற்றாகப் பிரிகின்றன. பின்னையதற்கு ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பம் வேண்டப்படுவது இதனாலேயாம்.

கொதிநிலை என்பது சிறிது நுணுகி நோக்கற்பாலது. ஒரு திரவத்தினின்றும் எழும் ஆவியின் அமுக்கம், அத்திரவத்தின்மேல் உள்ள புற அமுக்கத்துக்குச் சமமாகும் பாகையே அதன் கொதிநிலை. புற அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் தாழும். கடல்மட்டத்தை ஒட்டிய கிளிநொச்சியில் நீர் ஏறத்தாழ 100 பாகையிற் கொதிக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கு அதிகமான உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அங்கே பருப்பு வேகக் கூடுதலான நேரம் செல்வதன் காரணம் இதுவே. சுவீடன் நாட்டு வானியலறிஞர் அந்தேர்சு செல்சியசு 1742ஆம் ஆண்டு தமது அளவையை வகுத்தபோது இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தார். நீரின் உறைநிலை இடத்துக்கிடம் மாறாதென்பதையும், கொதிநிலை வளிமண்டல அமுக்கத்தோடு மாறுமென்பதையும் அவர் ஆய்ந்து தெளிந்தார். அவர் வகுத்த அளவையில் கொதிநிலை 0 ஆகவும் உறைநிலை 100 ஆகவும் இருந்தன. இன்றைய முறையில் அது மாற்றியமைக்கப்பட்டது பின்னரேயாம்.

உப்பளத்தில் கதிரவன் செய்யும் பணி

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது ஆனையிறவு. மழை ஓய்ந்து சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அங்குள்ள கடனீரேரியின் உவர்நீர் பாத்திகளிற் பாய்ச்சப்பட்டு உப்பு விளைவிக்கப்படும். பாத்தியின் நீர் ஒருபோதும் 100 பாகையை அணுகுவதில்லை. எனினும் அது ஆவியாகி மறைகின்றது. கொதிநிலையை அடைந்தாலன்றி நீர் ஆவியாகாது என்று எண்ணும் மாணவர்க்கு இது வியப்பளிக்கும்.

உண்மை யாதெனின், கொதித்தல் வேறு, ஆவியாதல் வேறு. திரவத்தின் மேற்பரப்பிலுள்ள துணிக்கைகளுள் விரைவு மிக்கவை எந்தப் பாகையிலும் வெளியேறிக்கொண்டேயிருக்கும், இஃது ஆவியாதல். திரவத்தின் உள்ளிடமெங்கும் ஆவிக்குமிழிகள் தோன்றி மேலெழுவது கொதித்தல். இது கொதிநிலையில் மட்டுமே நிகழும். வெளியேறிய ஆவியைக் காற்று அப்புறப்படுத்திக்கொண்டிருப்பின் ஆவியாதல் விரைவுபடும். ஆதலின், உப்புச் செய்கைக்கு வெயில் எத்துணை இன்றியமையாததோ, சோளகக் காற்றும் அத்துணை இன்றியமையாததாம்.

கதிரவன் இங்கு ஆற்றும் பணியின் பெருமையைக் கணக்கிட்டுக் காணலாம். ஆயிரம் கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 27 கிலோகிராம் சோடியம் குளோரைட்டு உண்டு. எனவே ஒரு கிலோகிராம் உப்பைப் பெற ஏறத்தாழ 36 கிலோகிராம் நீரை அகற்ற வேண்டும். 30 பாகை அளவில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு 2,430 கிலோயூல் வரை தேவை. ஆகவே ஒரு கிலோகிராம் உப்புக்கு 87,000 கிலோயூல் அளவான வெப்பம் செலவாகின்றது. இதனை அடுப்பெரித்துப் பெறுவதாயின், வெப்பம் சிறிதும் வீணாகாதெனக் கொண்டாலும், ஐந்து கிலோகிராமுக்கு மேல் உலர்ந்த விறகு வேண்டும். உப்பு ஏழைகளின் வீட்டிலும் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இவ்விறகின் விலையைக் கதிரவன் வாங்காமையே.

உப்பின் உருகுநிலை

நீரை இழந்து எஞ்சிய உப்பின் உருகுநிலை 801 பாகை. அதன் கொதிநிலை 1,400 பாகைக்கும் மேற்பட்டது. தாச்சியில் உப்பை வறுக்கும்போது அது படபடவென வெடிக்குமேயன்றி உருகுவதில்லை. பளிங்குகளுக்குள் அகப்பட்டிருந்த சிறுதுளி உவர்நீர் தன் கொதிநிலையை அடைந்து, ஆவியாகி, பளிங்கைப் பிளந்துகொண்டு வெளியேறுவதே அவ்வோசை. உள்ளிருக்கும் நீர் கொதித்துப் போகவும் அதனைச் சூழ்ந்த உப்பு அசையாதிருக்கின்றது. இரு பொருள்களின் இயல்பு வேற்றுமையை இதனினும் எளிதாக உணர்த்தும் பரிசோதனை வேறில்லை எனலாம்.

உப்பு இத்துணை உறுதியாக நிற்பது ஏன்? அதன் பளிங்கில் நேரேற்றம் பெற்ற சோடியம் அயன்களும் எதிரேற்றம் பெற்ற குளோரைட்டு அயன்களும் மாறிமாறி ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அயனும் தன்னை அடுத்துள்ள ஆறு எதிரின அயன்களால் இழுத்துப் பிடிக்கப்படுகின்றது. இக்கட்டமைப்பைத் தளர்த்த மிகுந்த வெப்பம் வேண்டும். நீரிலோ மூலக்கூறுகள் தம்முள் மிக மெலிதாகவே பற்றிக்கொண்டுள்ளன. ஆகவே பனிக்கட்டி 0 பாகையிலேயே உருகுகின்றது. உருகுநிலை என்னும் எண், துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் வலிமைக்கு ஓர் அறிகுறி என்பது இதனாற் புலப்படும்.

இவ்விரண்டையும் கலந்தால் விளைவது யாது? தூய நீர் 0 பாகையில் உறைய, கடல்நீர் ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழ் 1.9 பாகையிலேயே உறையத் தொடங்குகின்றது. நூற்றுக்கு 23 பங்களவு உப்புக் கொண்ட கரைசல் பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகை வரை உறையாது நிற்கும். பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து அக்குளிரால் ஐஸ்கிறீம் உறையவைக்கும் முறை இதனை அடிப்படையாகக் கொண்டதே. மறுபுறத்தில், உப்பு நிரம்பிய கரைசலின் கொதிநிலை 100 பாகையினின்றும் ஏறத்தாழ 109 பாகைக்கு உயருகின்றது. கலப்பு உறைநிலையைத் தாழ்த்தும், கொதிநிலையை உயர்த்தும் என்பது இதனாற் பெறப்படும்.

பொருளின் தூய்மையை அறியும் வழியும் இதிலேயே அடங்கியுள்ளது. தூய திண்மம் குறித்த ஒரே பாகையில் உருகும். கலப்புள்ளதோ முன்னதாகவே இளகத் தொடங்கிப் பல பாகைகளினூடே உருகித் தீரும். மார்கழி, தை மாதங்களின் அதிகாலைக் குளிரில் போத்தலிலுள்ள தேங்காயெண்ணெய் வெண்ணிறமாக உறைவதை இல்லந்தோறும் காணலாம். அதன் உருகுநிலை ஏறத்தாழ 24 பாகை என நூல்கள் கூறும். ஆயினும் அவ்வெண்ணெய் பல கொழுப்புக்களின் கலவையாதலின் பனிக்கட்டி போல ஒரே பாகையில் உருகாது, மெல்லமெல்ல இளகியே திரவமாகின்றது.

உருக்குவதா, கரைப்பதா?

உப்பினுள் அடங்கிய மூலகங்களைப் பிரித்தெடுக்க மின்சாரம் வேண்டும். ஆயின் திண்ம உப்பினூடாக மின் பாயாது. அதன் அயன்கள் இடம்பெயர இயலாதன. அவற்றை விடுவிக்க இரு வழிகள் உள. ஒன்று உருக்குதல், மற்றையது நீரிற் கரைத்தல்.

1807ஆம் ஆண்டு ஆங்கில அறிஞர் சேர் அம்பிறி டேவி சோடியம் என்னும் உலோகத்தை முதன்முதற் பிரித்தெடுத்தார். அவர் அதற்கென உருக்கியது உப்பையன்று, எரிசோடாவையே. உப்பின் உருகுநிலை 801 பாகையாக, எரிசோடாவின் உருகுநிலை ஏறத்தாழ 320 பாகையே என்பதை நோக்கின் அத்தெரிவின் பொருத்தம் விளங்கும். உப்பையே உருக்கிச் சோடியம் பெறும் பிற்கால முறையில் கல்சியம் குளோரைட்டைக் கலந்து உருகுநிலையை ஏறத்தாழ 600 பாகைக்குத் தாழ்த்துகின்றனர். கலப்பு உருகுநிலையைத் தாழ்த்தும் என மேற்கூறிய விதி இங்கு எரிபொருட் செலவைக் குறைக்கும் உபாயமாகின்றது.

பரந்தனிற் கையாளப்பட்டது இரண்டாம் வழி. ஆனையிறவுக்குத் தெற்கே, கண்டி வீதியில் அமைந்த பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1956ஆம் ஆண்டு பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனம் தோற்றம்பெற்றது. ஆனையிறவு உப்பை நீரிற் கரைத்து, அக்கரைசலை மின்பகுப்புக்கு உள்ளாக்குவதே அங்கு நிகழ்ந்த தொழிலின் அடிப்படை. 801 பாகை வெப்பம் செய்யவேண்டிய வேலையை நீர் தன் கரைக்கும் ஆற்றலாற் செய்து முடித்தது. நீரும் இதிற் பங்குகொள்வதால் சோடியம் உலோகம் தனித்து எஞ்சுவதில்லை. கோஸ்ரிக் சோடா என வழங்கும் எரிசோடா, குளோரீன், ஐதரசன் என்னும் மூன்று பொருள்களே கிடைக்கும்.

ஓருப்பின் மூன்று வழிப்பொருள்கள்

இம்மூன்றின் எண்களையும் ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடைத்து. எரிசோடா ஏறத்தாழ 320 பாகையில் உருகும். குளோரீன் பூச்சியத்துக்குக் கீழ் 34 பாகையிற் கொதிக்கும். ஐதரசனோ பூச்சியத்துக்குக் கீழ் 253 பாகையிலேயே கொதித்துவிடும். ஒரே கரைசலினின்றும் தோன்றிய இவை இத்துணை தூரம் வேறுபடுவதன் காரணம் துணிக்கைகளின் பிணைப்பே. எரிசோடா உப்பைப் போல அயன்களாலானது. குளோரீனும் ஐதரசனும் இரண்டிரண்டு அணுக்கள் கூடிய மூலக்கூறுகளாலானவை. மூலக்கூறின் உள்ளே அணுக்கள் வலிமையாகவே பிணைந்துள்ளன. ஆயின் ஒரு மூலக்கூறுக்கும் மற்றொன்றுக்கும் இடையிலுள்ள கவர்ச்சி மிக மெல்லியது. குளோரீன் கொதிக்கும்போது பிரிவன மூலக்கூறுகளேயன்றி அணுக்கள் அல்ல. இதனை மயங்கியறிதல் மாணவரிடையே பெரிதும் காணப்படும் பிழையாம்.

இவ்வேற்றுமையே அப்பொருள்களை வைத்திருக்கும் முறையையும் கொண்டுசெல்லும் முறையையும் வகுத்தது. எரிசோடாவைச் செதில்களாகவோ கரைசலாகவோ அனுப்பலாம். பாதிக்குப் பாதி எரிசோடா உள்ள கரைசல் ஏறத்தாழ 12 பாகையில் உறையத் தொடங்குமாதலின் குளிர்நாடுகளில் அதன் தாங்கிகளையும் குழாய்களையும் சூடாக்கி வைப்பர். வன்னியின் வெப்பத்தில் அக்கவலை எழுவதில்லை.

ஐதரசனையும் குளோரீனையும் ஒப்பிடுக. ஒவ்வொரு வாயுவுக்கும் ஓர் எல்லைப் பாகை உண்டு. அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் எத்துணை அமுக்கினும் அவ்வாயு திரவமாகாது. இதனை அவதி வெப்பநிலை என்பர். ஐதரசனுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 240 பாகை; குளோரீனுக்கோ பூச்சியத்துக்கு மேல் 144 பாகை. ஆகவே சாதாரண வெப்பநிலையில் ஐதரசனை அமுக்கத்தால் திரவமாக்க இயலாது. 1898ஆம் ஆண்டு யேம்சு தேவார் பெருங்குளிரை உண்டாக்கியே அதனைத் திரவமாக்கினார். குளோரீனையோ மைக்கல் பரடே 1823ஆம் ஆண்டிலேயே வாய் அடைத்த கண்ணாடிக் குழாயொன்றினுள் அதன் சொந்த அமுக்கத்தாலேயே திரவமாக்கிவிட்டார். 30 பாகை வெப்பத்தில் வளிமண்டல அமுக்கத்தின் எட்டு ஒன்பது மடங்கு அமுக்கம் இருப்பின் அது திரவமாக அடங்கிக் கிடக்கும். உருக்கு உருளையொன்று அவ்வமுக்கத்தை எளிதில் தாங்கும்.

காக்கும் பொருளும் கொல்லும் பொருளும்

குளோரீன் உருளையிற் செல்லக்கூடியதாயிருத்தல் மக்கள் வாழ்வில் பெரும் மாறுதலை விளைவித்தது. 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜேர்சி நகரில் குளோரீன் சேர்ந்த வெளிற்றுந்தூளைக் கொண்டு குடிநீரைத் தொடர்ந்து தூய்மையாக்கும் முறை தொடங்கிற்று. பின்னர்த் திரவக் குளோரீன் உருளைகள் அப்பணியில் அமர்ந்தன. நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி முதலிய நீர்வழி நோய்கள் நகரங்களிற் குறைந்தமைக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

அதே உருளையே கொலைக்கருவியுமாயிற்று. 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் பெல்சியத்தின் ஈப்பர் நகருக்கு அண்மையில், சேர்மானியப் படையினர் ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்துவிட்டனர். அமுக்கம் நீங்கியதும் திரவம் கொதித்து வாயுவாகி, காற்றிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுடைமையால் நிலத்தோடு படிந்து சென்று பதுங்குகுழிகளை நிரப்பியது. பூச்சியத்துக்குக் கீழ் 34 பாகை என்னும் எண்ணின் பொருளை அங்கு மாந்தர் உயிர்கொடுத்து அறிந்தனர்.

ஆதலின், இவ்வெண்ணை அறிந்திருத்தல் குளோரீனைக் கையாள்வோர்க்கு உயிர்க்காப்பாம். உருளையினின்றும் வாயுவை விரைந்து எடுத்தால், உள்ளிருக்கும் திரவம் ஆவியாவதற்கு வேண்டிய மறைவெப்பத்தை உருளையிலிருந்தே கவர்ந்துகொள்ளும். வெப்பமான நாளிலும் உருளையின் மேல் வெண்பனி படியும். அதைக் கண்டு அஞ்சி உருளைக்கு நெருப்புக் காட்டுதல் பெருங்கேடு. கசிவு நேர்ந்தவிடத்துப் பள்ளத்தில் நில்லாது, காற்று வரும் திசைநோக்கி மேட்டு நிலத்துக்குச் செல்லவேண்டும். சில நாடுகளில் வழங்கும் உருளைகளில், 70 பாகையை அடுத்து உருகும் உலோகக்கலவையாலான அடைப்பொன்று பொருத்தப்பட்டிருக்கும். தீயினால் உருளை சூடேறினால் அவ்வடைப்பு முந்தி உருகி வாயுவுக்கு வழிவிட, உருளை வெடித்துச் சிதறுதல் தவிர்க்கப்படும். இத்தகைய கலவைகளுள் ஒன்றில் சேரும் பிசுமது, ஈயம், வெள்ளீயம், கட்மியம் என்பன தனித்தனியே 230 பாகைக்கு மேல் உருகுவன; கலந்தபோதோ 70 பாகையில் உருகுகின்றன. உவர்நீரின் உறைநிலையைத் தாழ்த்திய அதே விதி இங்கு உயிர்காக்கும் காவலாக நிற்கின்றது.

ஈண்டு வன்னியின் இழப்பையும் எண்ணுதல் தகும். 1980களில் மூண்ட போரினால் பரந்தன் தொழிற்சாலையின் உற்பத்தி நின்றது. ஆனையிறவு உப்பளமும் போர்க்களமாயிற்று. அதன்பின் அந்நிறுவனம் திரவக் குளோரீனைப் பிறநாடுகளிலிருந்து வருவித்தே நீர்விநியோகத்துக்கு வழங்கி வந்தது. உப்பும் வெயிலும் காற்றும் இங்கேயிருக்க, அவ்வுப்பின் வழிப்பொருள் கப்பலேறி வரவேண்டியதாயிற்று. போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தபின் ஆனையிறவில் மீண்டும் உப்பு விளையத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு அங்கு மேசையுப்பு ஆக்கும் ஆலை திறக்கப்பட்டது. பரந்தனை மீள ஆக்குதல் பற்றிய பேச்சுக்களும் எழுந்துள்ளன. அத்தகைய தொழில் மீண்டும் அமையுமாயின், அதனை நடத்துதற்குக் கட்டிடமும் பொறியும் மட்டும் போதா. குளோரீனின் இயல்பையும் எரிசோடாவின் இயல்பையும் எண்ணளவாக அறிந்த இளைஞர் அவ்வயற்கிராமங்களிலிருந்தே எழுதல் வேண்டும்.

அதற்கான பயிற்சி வகுப்பறையிலேயே தொடங்கலாம். உருகுநிலை, கொதிநிலை அட்டவணையில் ஓர் எண்ணைக் காணும் மாணவன் மூன்று வினாக்களை எழுப்புவானாக. இவ்வெண் தூய பொருளுக்குரியதா, கலவைக்குரியதா? எந்த அமுக்கத்தில் அளக்கப்பட்டது? இப்பொருளின் துணிக்கைகளைப் பற்றி நிற்பது யாது? இம்மூன்றுக்கும் விடை கூற வல்லவனுக்கு 801 என்பதும், பூச்சியத்துக்குக் கீழ் 34 என்பதும் நெட்டுருச் செய்யவேண்டிய எண்களாக இரா. உப்பை வெயிலில் விளைவிப்பதும், நீரிற் கரைத்து மின்பகுப்பதும், குளோரீனை உருக்கு உருளையில் அடைப்பதும் ஏன் என்பதை அவ்வெண்களே அவனுக்கு எடுத்துரைக்கும்.